அமெரிக்கப் புதிய வலதுசாரித் தலைவர்களின் தொடர்பமைப்பும் போதகர்களும்

1980 நவம்பரில் ரொனால்ட் ரேகன் ஐக்கிய அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டபோது, அவ்வெற்றியைச் சமய எழுச்சியின் விளைவென விளக்கியோர் பலர். அரசியலை உலகக் காரியம் என நெடுங்காலம் ஒதுக்கியிருந்த அடிப்படைவாதிகளும் சுவிசேஷ சபையாரும் நாட்டின் ஒழுக்கச் சீர்கேட்டைக் கண்டு மனம் பொறாது ஒருமிக்க எழுந்தனர் என்பது அவ்விளக்கம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்வெழுச்சிக்கு ஆறேழு ஆண்டுகள் முன்னரே அதற்கான மேசை போடப்பட்டிருந்தது. அதைப் போட்டவர்களுள் பெயர் பெற்ற போதகர் எவருமில்லை. ஒருவர் கீழைத் திருச்சபை வழிபாட்டு முறையைத் தழுவிய கத்தோலிக்கப் பத்திரிகையாளர். ஒருவர் அஞ்சல் வழியாக நிதி திரட்டுவதைத் தொழிலாகக் கொண்ட கத்தோலிக்கர். ஒருவர் யூதக் குடும்பத்தில் பிறந்து பின்னர் கிறிஸ்தவரானவர். மற்றொருவர் பற்பசையும் சோப்பும் விற்ற கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. போதகர்கள் பின்னரே அழைக்கப்பட்டனர்.

அவர்களை அழைத்தோர் யாவர், எதன்பொருட்டு அழைத்தனர், அழைக்கப்பட்டோர் அம்மேசையில் எவ்விடத்தில் அமர்ந்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோல்வியில் கிடைத்த பெயர்ப்பட்டியல்

பழமை பேணும் அரசியல் என நாம் பொதுப்படக் கூறுவது அமெரிக்காவில் ஒரே கொள்கையன்று. அரசு வணிகத்தில் தலையிடலாகாது என்போர், பொதுவுடைமையை எங்கணும் எதிர்த்தல் வேண்டும் என்போர், மரபொழுக்கமும் சமயமும் காக்கப்பட வேண்டும் என்போர் என மூவகையினர் அதில் அடங்குவர். முதல் வகையினர்க்குத் தனிமனிதச் சுதந்திரமே முதன்மையானது. மூன்றாம் வகையினர்க்கு நல்லொழுக்கம். இவை எளிதிற் பொருந்துவன அல்ல. வில்லியம் பக்லி 1955-ல் தொடங்கிய ‘நேஷனல் ரெவ்யூ’ இதழில் ஃபிராங்க் மேயர் இவற்றை இணைக்கும் கோட்பாடொன்றை வகுத்தார். கட்டாயத்தால் விளையும் நல்லொழுக்கம் நல்லொழுக்கமாகாது. ஆதலின் சுதந்திரத்தைக் காப்போரும் ஒழுக்கத்தைக் காப்போரும் ஓரணியில் நிற்கலாம் என்பது அவர் வாதம். இக்கோட்பாடு எல்லாரையும் மனநிறைவு கொள்ளச் செய்யவில்லை. இறையியல் பயின்றோர்க்கு இதன் குறை உடனே புலப்படும்: பாவமுள்ள மனிதன் சந்தையிலும் பாவியே என்னும் எண்ணத்திற்கு அதில் இடமில்லை.

1964-ல் இவ்வணியின் வேட்பாளராக நின்ற பேரி கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களை மட்டுமே வென்றார். அத்தோல்வியிலிருந்து ஒரு பொருளை மீட்டெடுத்தவர் டெக்சஸ் மாநிலத்தவரான ரிச்சர்ட் விகரி. 50 டாலரும் அதற்கு மேலும் நன்கொடை அளித்தோரின் பெயர்கள் சட்டப்படி மக்களவைச் செயலகத்தில் பதியப்பட்டிருந்தன. பொதுமக்கள் அவற்றைப் பார்வையிடலாம். விகரி அங்குச் சென்று ஏறத்தாழ 12,500 பெயர்களைக் கையாலேயே எழுதியெடுக்கச் செய்தார். 1965-ல் தம் நேரடி அஞ்சல் நிறுவனத்தை அப்பட்டியலைக் கொண்டே தொடங்கினார்.

இவ்வஞ்சல் முறை செயற்பட்ட விதம் கருதத்தக்கது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் தமக்கு இடம் தரவில்லை என்று எண்ணிய ஓரியக்கம், இலட்சக்கணக்கான வீடுகளுக்கு நேரே மடல் அனுப்பலாயிற்று. மடலுக்கு விடையளித்து ஐந்து டாலர் அனுப்பியவரின் பெயர் புதிய பட்டியலில் ஏறும். எப்பொருளைப் பற்றிய மடலுக்கு அவர் விடையளித்தார் என்பதும் குறிக்கப்படும். துப்பாக்கிச் சட்டத்தை எதிர்ப்பவர் யார், பனாமாக் கால்வாய் ஒப்பந்தத்தை எதிர்ப்பவர் யார், பள்ளியில் ஜெபம் வேண்டுபவர் யார் என்பது இவ்வாறு தெரிந்துவிடும். இம்மடல்களின் நடையில் சாந்தத்திற்கு இடமில்லை. அச்சமும் சினமும் ஊட்டாத மடலுக்குப் பணம் வருவதில்லை என்பது அத்தொழிலின் அனுபவம்.

வைரிக் கற்ற பாடம்

பால் வைரிக் விஸ்கான்சின் மாநிலத்தவர். கொலராடோ செனட்டர் கோர்டன் ஆலட்டின் அலுவலகத்தில் பணியாற்றியவர். 1969-ல் குடியுரிமைச் சட்டங்களை ஆதரித்தோர் கூடித் திட்டமிட்ட ஒரு கூட்டத்தில் அமர்ந்திருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. செனட்டர்களின் உதவியாளர், ஆய்வு நிறுவனத்தார், வழக்கறிஞர், பத்திரிகைப் பத்தியாளர், கறுப்பின மக்களின் அமைப்பினர் என அனைவரும் ஒரே அறையில் இருந்தனர். ஒருவர் அறிக்கை தருவதாக ஒப்புக்கொண்டார். ஒருவர் வழக்குத் தொடர இசைந்தார். மற்றொருவர் பத்தி எழுத ஏற்றார். எதிர் அணியின் வெற்றிகளுக்குக் காரணம் என்னவென்று அன்றே தமக்கு விளங்கியதாக வைரிக் பிற்காலத்தில் பன்முறை கூறினார். நிறவேற்றுமையை ஒழிக்கக் கூடியோரின் முறையை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் இது வேண்டியதாகும்.

வைரிக்கும் எட்வின் ஃபுல்னரும் சேர்ந்து 1973-ல் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்னும் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். பீர் தொழிலதிபர் ஜோசப் கூர்ஸ் 2,50,000 டாலர் தந்தார். இதன் தோற்றம் பற்றி அவர்கள் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. ஒலியினும் விரைந்து செல்லும் பயணிகள் விமானத்திற்கு அரசு நிதி தரலாமா என்பது பற்றி 1971-ல் வாக்கெடுப்பு நடந்தது. பழைய ஆய்வு நிறுவனம் ஒன்று சிறந்த அறிக்கை வெளியிட்டது. ஆனால் அது வாக்கெடுப்பு முடிந்த பின்னரே வந்து சேர்ந்தது. முடிவைப் பாதிக்க நாங்கள் விரும்பவில்லை என்று அந்நிறுவனத்தார் விளக்கம் தந்தனராம். இதற்கு நேர் எதிராக, வாக்கெடுப்புக்கு முன்னரே, கைப்பெட்டியில் அடங்குமளவான சிற்றறிக்கையாகத் தருவதே ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் வழக்கமாயிற்று. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்க்கான மன்றமும், மக்களவையின் குடியரசுக் கட்சி உறுப்பினர்க்கான ஆய்வுக்குழுவும் அதே 1973-ல் தொடங்கின. தேர்தல் நிதிக்கும் வேட்பாளர் பயிற்சிக்குமான குழுவை வைரிக் 1974-ல் அமைத்தார்.

இவ்வமைப்புகளை விடவும் இவற்றிடையே நடந்த முறையான சந்திப்புகளே அவ்வியக்கத்தின் உயிர்நாடி எனலாம். பொருளியற் காரியங்களுக்கு ஒரு குழு, பாதுகாப்புக் காரியங்களுக்கு மற்றொன்று, குடும்பம், பள்ளி, கருக்கலைப்பு முதலியவற்றிற்கு இன்னொன்று எனக் குறித்த நாளில் தவறாது கூடினர். மூன்றாவது குழு தான் கூடிய சிறு தெருவின் பெயரால் ‘லைப்ரரி கோர்ட்’ எனப்பட்டது. கொள்கை விவாதத்திற்கு அங்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. எம்மசோதா வருகிறது, யாருக்கு யார் தொலைபேசியில் பேசுவது, யார் பட்டியலுக்கு மடல் போக வேண்டும் என்பவையே பேசப்பட்டன. வரிக்குறைப்பு இயக்கத்தினரான கிரோவர் நார்குவிஸ்ட் 1993 முதல் வாஷிங்டனில் புதன்கிழமைதோறும் நடத்திய கூட்டமும் இம்மரபில் வந்ததே.

போதகர்கள் அழைக்கப்பட்ட விதம்

விர்ஜீனியா மாநிலம் லிஞ்ச்பர்க் நகரில் தாமஸ் ரோடு பாப்திஸ்து சபையை 1956-ல் நிறுவிய ஜெரி ஃபால்வெல், தொலைக்காட்சி ஊழியத்தால் நாடறிந்தவர். 1965 மார்ச்சில், கறுப்பின மக்களின் உரிமைக்காக ஊர்வலம் சென்ற போதகர்களைக் கண்டித்து அவர் பிரசங்கித்தார். போதகர் அழைக்கப்பட்டது ஆத்தும ஆதாயத்திற்கே, அரசியலுக்கு அன்று என்பது அதன் சாரம். அன்றைய அடிப்படைவாதிகளின் பொது நிலையும் இதுவே. பதினைந்து ஆண்டுகளுக்குள் அவர் அந்நிலையைத் தவறென்று கைவிட்டார்.

இம்மாற்றத்திற்குக் காரணம் 1973-ன் கருக்கலைப்புத் தீர்ப்பே எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. வரலாறு அவ்வளவு எளியதன்று. தென் பாப்திஸ்து பேரவை 1971-ல் செயிண்ட் லூயிஸ் நகரில் கூடியபோது, வன்புணர்ச்சி, சிசுவின் கடும் ஊனம், தாயின் உடல்நலம், மனநலம் ஆகியவற்றை முன்னிட்டுக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1974-ல் அதனை மீண்டும் உறுதி செய்தது. கருக்கலைப்பு அந்நாளில் கத்தோலிக்கரின் காரியமாகவே கருதப்பட்டது.

போதகர்களைச் சினங்கொள்ளச் செய்தது வரிவிலக்குச் சிக்கல். நிறவேற்றுமை பாராட்டும் தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு இல்லை என்று 1971-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. வெள்ளை மாணவரும் கறுப்பு மாணவரும் காதல் உறவு கொள்ளலாகாது என விதி வைத்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976-ல் வரிவிலக்கை இழந்தது. 1978 ஆகஸ்டில் வருவாய்த் துறை இதனினும் கடுமையான விதிகளை முன்வைத்தது. பொதுப்பள்ளிகளில் நிறப்பிரிவினை ஒழிக்கப்பட்ட காலத்தில் தோன்றிய தனியார் பள்ளிகள், தாம் வேற்றுமை பாராட்டவில்லை என்பதைத் தாமே நிறுவுதல் வேண்டும் என்றது. அத்தகைய பள்ளிகளுள் சபைகள் நடத்தியவை பல. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட எதிர்ப்பு மடல்கள் குவிந்தன. அரசு சபையின் பள்ளிக்குள் கைவைக்கிறது என்பதே எங்கும் பேச்சாயிற்று. பள்ளியில் யார் சேர்க்கப்படவில்லை என்பது அப்பேச்சில் மறைந்துபோயிற்று. வைரிக் இதனை மறைத்தவரல்லர். தாம் பல ஆண்டுகள் பல காரியங்களைக் காட்டிப் போதகர்களை அழைத்தும் அசையாதவர்களை அசைத்தது இப்பள்ளிச் சிக்கலே என்று அவரே கூறியுள்ளார். நிறவேற்றுமையை ஒழிக்கக் கூடியோரிடம் கற்ற முறை இவ்வாறு பயன்பட்டது.

இனிச் சோப்பு விற்ற எட் மெக்கட்டீரைப் பார்ப்போம். மெம்ஃபிஸ் நகரத்தவரான இத்தென் பாப்திஸ்து விசுவாசி, கோல்கேட்-பாமாலிவ் கம்பெனியின் பணியாகத் தென்மாநிலங்கள் எங்கும் சென்றவர். அப்பயணங்களில் போதகர்களோடு நட்புக் கொண்டார். ஹவர்ட் பிலிப்ஸின் ‘கன்சர்வேட்டிவ் காகஸ்’ அமைப்பில் அவர் பணியேற்றபோது அந்நட்புகளும் உடன் வந்தன. அரசியல் தலைவர்க்கும் போதகர்க்கும் இடையே பாலமாக நின்றவர் இவரே. 1979 மே மாதம் லிஞ்ச்பர்க் நகர விடுதியொன்றில் வைரிக், பிலிப்ஸ், மெக்கட்டீர், கிறிஸ்தவப் பள்ளிகளின் சார்பாளர் ராபர்ட் பில்லிங்ஸ் ஆகியோர் ஃபால்வெலைச் சந்தித்தனர். நாட்டில் ஒழுக்கத்தை மதிக்கும் பெரும்பான்மையினர் உள்ளனர் என்று வைரிக் பேச்சுவாக்கில் சொன்ன தொடரே ‘மாரல் மெஜாரிட்டி’ என்று இயக்கத்தின் பெயராயிற்று. பெயரைத் தந்தவர் கத்தோலிக்கர் என்பதைப் பாப்திஸ்து சபையார் பலர் நெடுநாள் அறிந்திலர்.

உடன்போராளி என்னும் கருத்து

கத்தோலிக்கரோடும் யூதரோடும் மார்மனியரோடும் ஒரு மேடையில் நிற்பது, பிரிந்து வாழ்தலையே பரிசுத்தத்தின் அடையாளமாகக் கொண்ட அடிப்படைவாதிக்கு எவ்வாறு இயலும்? இதற்கு இறையியல் விடை பகர்ந்தவர் ஃபிரான்சிஸ் ஷேஃபர். இவரைத் தத்துவ நூலாசிரியராகவே நம் மாணவர் அறிவர். இவ்வியக்கத்தில் இவருக்கிருந்த பங்கைச் சிலரே அறிவர். கூட்டாளி வேறு, உடன்போராளி வேறு என்று அவர் பிரித்தார். ஒரு குறிப்பிட்ட அநீதியை எதிர்ப்பதில் விசுவாசமற்றவனும் நம்மோடு நிற்கலாம், அவன் உடன்போராளி. அவனோடு நாம் விசுவாச ஐக்கியம் கொள்வதில்லை. மருத்துவர் எவரெட் கூப்புடன் 1979-ல் வெளியிட்ட நூலும் திரைப்படமும் வாயிலாகக் கருக்கலைப்பை அவ்வாறான போராட்டப் பொருளாக ஷேஃபர் சபைகளின் முன் வைத்தார்.

இப்பாகுபாட்டில் பொருளுண்டு. பட்டினியை ஒழிக்கவும் தீண்டாமையை ஒழிக்கவும் பிற சமயத்தாரோடு நாம் இணைந்து பாடுபடுவதற்கும் இதுவே நியாயம். ஆனால் ஷேஃபர் கூறியது ஒரு குறித்த காரியத்திற்கான இணைப்பு. வைரிக்கின் மேசையிலோ காரியங்கள் தனித்தனியே வருவதில்லை. கருவைக் காக்க வந்த போதகர் வரிக்குறைப்புக்கும், ஏவுகணைக்கும், பனாமாக் கால்வாய்க்கும் சேர்த்தே வாக்களிக்க வேண்டியவரானார். யோசபாத் ஆகாபின் போருக்குச் சென்றது ராமோத் கீலேயாத்தின் பொருட்டே. ஆயினும் போரின் போக்கையும் தீர்க்கதரிசிகளின் தேர்வையும் முடிவு செய்தவன் ஆகாப். ஃபால்வெலைக் கடுமையாகத் தாக்கியவர்களுள் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத் தலைமையும் ஒன்று என்பது வியப்புக்குரியது. யாருடைய வரிச்சிக்கல் போதகர்களை எழுப்பியதோ, அவர்களே அவ்விணைப்பைச் சமரசம் என்று தள்ளினர்.

1980 ஆகஸ்டில் மெக்கட்டீரின் ‘ரிலிஜியஸ் ரவுண்ட்டேபிள்’ டாலஸ் நகரில் கூட்டிய மாநாட்டிற்கு ஏறத்தாழ 15,000 பேர் வந்தனர். நீங்கள் என்னை ஆதரிப்பதாக அறிவிக்க இயலாதென அறிவேன். நான் உங்களை ஆதரிக்கிறேன் என்ற கருத்துப்பட ரேகன் அங்குப் பேசினார். வரிவிலக்குப் பெற்ற சபை வேட்பாளரை ஆதரிக்கலாகாது என்னும் 1954-ம் ஆண்டுச் சட்டத்தை இவ்வளவு நயமாகத் தாண்டியவர் வேறெவருமிலர். தென் பாப்திஸ்து பேரவைத் தலைவர் பெய்லி ஸ்மித், யூதனுடைய ஜெபத்தைக் கடவுள் கேட்பதில்லை என்று கூறிப் பெரும் கலக்கம் விளைவித்ததும் அதே மாநாட்டில்தான். உடன்போராளி என்னும் கருத்து எத்துணை மெல்லிய நூல் என்பது அன்று தெரிந்தது.

மூடிய கதவு

1981-ல் ‘கவுன்சில் ஃபார் நேஷனல் பாலிசி’ என்னும் மன்றம் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் போதகர் டிம் லஹே. பிற்காலத்தில் கடைசிக்கால நாவல்களால் உலகெங்கும் அறியப்பட்டவர். எண்ணெய்ச் செல்வரும் அஞ்சல் நிபுணரும் செனட்டர்களும் தொலைக்காட்சி ஊழியரும் ஆண்டுக்கு மும்முறை கூடினர். கூட்டம் எங்கு, எப்பொழுது, யார் வந்தார், யார் பேசினார் என்பவற்றைச் செய்தியாளர்க்குச் சொல்லலாகாது என்பது விதி. 1999-ல் ஜார்ஜ் புஷ், குடியரசுத் தலைவர் வேட்பாளராக விரும்பியபோது, இம்மன்றத்தில் உரையாற்றினார். அவ்வுரையின் ஒலிப்பதிவை வெளியிடுமாறு பலர் கேட்டும் அது வெளியிடப்படவில்லை.

தனித்துக் கூடி ஆலோசிப்பது குற்றமாகாது. எல்லாக் கட்சியினரும் செய்வதே. வைரிக் 1969-ல் கண்டதும் மூடிய அறையே. போதகரைப் பொறுத்தவரை வினா வேறு. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ம் அதிகாரத்தில் சபை கூடுகிறது. மாறுபட்டோர் பேசுகின்றனர். முடிவு எழுதப்பட்டு, எழுதியோர் இன்னாரென்று சபைகளுக்கு அனுப்பப்படுகிறது. கொண்டு செல்வோரின் பெயரும் சொல்லப்படுகிறது. மூடிய அறையில் செனட்டரோடும் செல்வரோடும் முடிவு செய்ததை ஞாயிறன்று பிரசங்க பீடத்திலிருந்து வேதவசனத்தின் விளக்கமாகக் கூறும் போதகர், அது எவ்விடத்திலிருந்து வந்தது என்பதைத் தம் சபையார்க்குச் சொல்வதில்லை. சபையார் அதனைத் தேவவார்த்தையாகவே ஏற்பர். இவ்வியக்கத்தைப் பற்றி எழுதியோர் பலர் அதன் கொள்கைகளையே குறை கூறுகின்றனர். கொள்கை நன்றாயினும் இக்குறை இருந்தே தீரும் என்பது எம் கருத்து.

கிடைத்ததும் கிடைக்காததும்

ரேகன் ஆட்சியின் முதல் ஆண்டிலேயே பெரும் வரிக்குறைப்பு நிறைவேறியது. ஹெரிட்டேஜ் நிறுவனம் தந்த ஏறத்தாழ 1,100 பக்கத் திட்டநூல் அமைச்சர்கள் கையில் இருந்தது. போதகர்கள் வேண்டியவை அவ்வாறு நிறைவேறவில்லை. கருக்கலைப்பு பற்றிய அரசியலமைப்புத் திருத்தம் 1983 ஜூனில் செனட்டில் 49 வாக்குகளே பெற்றது. பள்ளி ஜெபம் பற்றிய திருத்தம் 1984 மார்ச்சில் 56 பெற்றது. தேவைப்பட்டவை 67. பாப் ஜோன்ஸ் வழக்கிலும் 1983 மே மாதம் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் பெரும்பான்மையால் பல்கலைக்கழகத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பில்லி கிரகாம் 1981-லேயே எச்சரித்திருந்தார்: கடும் வலதுசாரிகளுக்குச் சமயத்தில் அக்கறையில்லை, அதனைத் தம் விருப்பப்படி இயக்குவதிலேயே அக்கறை என்று. நிக்சனோடு கொண்ட நெருக்கத்தால் துன்புற்ற அவர் இதனை அறிந்தே கூறினார்.

எதிர்த்தரப்புச் சுவிசேஷகர் என்ன செய்தனர்? ஹெரிட்டேஜ் தோன்றிய அதே 1973-ல், நவம்பர் மாதம், ஏறத்தாழ 50 பேர் சிகாகோ நகரில் கூடிச் சமூக நீதி பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டனர். ரொனால்ட் சைடர், கார்ல் ஹென்றி, ஜான் பெர்க்கின்ஸ் முதலியோர் கையொப்பமிட்டனர். நிறவெறி, பொருளாசை, போர் ஆகியவற்றில் சபையின் பங்கை ஒப்புக்கொண்ட அவ்வறிக்கை இன்றும் வாசிக்கத் தக்கது. ஆனால் அவர்கள் ஆண்டுதோறும் கூடி விவாதித்தனர். பெண்கள், கறுப்பினத்தார், அனபாப்திஸ்தர், சீர்திருத்த மரபினர் எனப் பிரிந்து சில ஆண்டுகளில் வலுவிழந்தனர். அவர்களிடம் அஞ்சல் பட்டியலும் இல்லை, கூர்ஸும் இல்லை.

வலதுசாரிகளின் பொறுமை இறுதியில் பலன் தந்தது என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். 1982-ல் சட்டக் கல்லூரி மாணவர் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சங்கம் நாற்பதாண்டுகள் சட்ட வல்லுநரைப் பயிற்றி ஒருங்கிணைத்தது. டொனால்ட் டிரம்ப் தம் முதல் ஆட்சியில் உச்ச நீதிமன்றத்திற்கு நியமித்த மூவரையும் தெரிந்தெடுத்ததில் அச்சங்கத்தின் லெனார்ட் லியோ பெரும்பங்கு வகித்தார். 2022 ஜூன் 24 அன்று 1973-ன் தீர்ப்பு நீக்கப்பட்டது.

இவ்வெற்றிக்கு நெடுநாள் முன்னர் இயக்கத்துக்குள்ளேயே ஐயம் எழுந்திருந்தது. மாரல் மெஜாரிட்டி 1989-ல் கலைக்கப்பட்டது. 1999 பிப்ரவரியில் வைரிக் தம் தோழர்க்கு எழுதிய மடலில், நாட்டில் ஒழுக்கப் பெரும்பான்மையினர் இருப்பதாகத் தாம் இனி நம்பவில்லை என்றார். அதே ஆண்டில் ஃபால்வெலின் துணைவராயிருந்த எட் டாப்சன், பத்திரிகையாளர் கால் தாமஸோடு சேர்ந்து, அதிகாரம் தங்கள் கண்களை மறைத்தது என நூல் எழுதினார். பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த டாப்சன் 1987-ல் லிஞ்ச்பர்க்கை விட்டு மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராபிட்ஸ் நகரின் கால்வரி சபைக்குப் போதகராகச் சென்றிருந்தார். எய்ட்ஸ் நோயாளிகளைச் சபைகள் அஞ்சி விலக்கிய காலத்தில் அவர் சபை அவர்களைப் பேணியது. 2015-ல் அவர் மறையும்போது அந்நகரில் அவர் பெயர் சொல்லப்பட்டது அவ்வூழியத்தை முன்னிட்டே.